பழைய காரின் ஆயுளை யார் தீர்மானிப்பது?

நடுத்தரக் குடும்பங்களில் இன்று ஓசையின்றி நடந்துகொண்டிருக்கும் விவாதங்களுள் ஒன்று, வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரைப் பற்றியது. லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்ட அந்த வாகனத்துக்கு இன்னொரு முறை ஐம்பதாயிரம் ரூபாய் செலவழித்துப் பழுது நீக்குவதா, அல்லது கடன் வாங்கிப் புதிய காருக்கு மாறுவதா என்பதே கேள்வி. குடும்பத்தின் வரவு செலவைப் பொருத்த தனிப்பட்ட முடிவாகவே இது நெடுங்காலம் இருந்துவந்தது. கடந்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகள், பதிவுக் கட்டண உயர்வு, வரிக் குறைப்பு, எரிபொருள் கலப்பு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இந்த முடிவுக்குள் நுழைந்துவிட்டன.

இவற்றில் முதன்மையானது தலைநகர் தில்லியின் அனுபவம். பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர் பிராந்தியத்தில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. பெட்ரோல் வாகனங்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் என்கிற வரம்பையும் சேர்த்து, 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. பல ஆண்டுகள் ஏட்டளவில் இருந்த அந்தத் தடை, 2025 ஜூலை 1 முதல் வயது கடந்த வாகனங்களுக்குப் பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் வழங்கக் கூடாது என்கிற வடிவில் நடைமுறைக்கு வந்தது. மக்களிடம் எழுந்த கடும் எதிர்ப்பால் சில நாள்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது.

அதன் பிறகு 2025 ஆகஸ்டில், வயதை மட்டுமே காரணமாகக் கொண்டு உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த உத்தரவைத் திருத்தி, பி.எஸ்.-4 மற்றும் அதற்குப் பிந்தைய மாசு விதிமுறைகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. பத்தாண்டு காலச் சட்டப் போராட்டத்தில் இது குறிப்பிடத்தக்க திருப்பம். வாகனம் எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு பிறந்தது என்கிற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டு, அது எவ்வளவு புகையை வெளியேற்றும் வகையில் வடிவமைக்கப்பட்டது என்கிற கேள்வி முன்னுக்கு வந்திருக்கிறது.

இந்த மாற்றம் ஏன் சரியானது என்பதை எண்களே சொல்லும். டீசல் கார் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கு 0.05 கிராம் நுண்துகளை வெளியேற்ற பி.எஸ்.-3 விதிமுறை அனுமதித்தது. பி.எஸ்.-4-இல் அது 0.025 கிராமாகவும், பி.எஸ்.-6-இல் 0.0045 கிராமாகவும் குறைக்கப்பட்டது. அதாவது, ஒரே வீதியில் ஓடும் பி.எஸ்.-3 டீசல் காருக்குச் சட்டம் அனுமதித்த நுண்துகள், பி.எஸ்.-6 காருக்கு அனுமதித்ததைப் போலப் பதினொரு மடங்கு. பெட்ரோல் கார்களின் கதை வேறு. நைட்ரஜன் ஆக்சைடு வெளியேற்றத்துக்கு பி.எஸ்.-4 பெட்ரோல் காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு கிலோமீட்டருக்கு 0.08 கிராம், பி.எஸ்.-6-இல் 0.06 கிராம். வேறுபாடு இருக்கிறது, ஆனால், நல்ல நிலையில் பராமரிக்கப்படும் காரைப் பிடுங்கி நசுக்கும் அளவுக்குப் பெரிய வேறுபாடு அல்ல.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. பி.எஸ்.-4 விதிமுறை 2010-இல் தில்லி தலைநகர் பிராந்தியம், சென்னை, மும்பை உள்ளிட்ட 13 நகரங்களில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் அது விரிவுபடுத்தப்பட்டது 2017 ஏப்ரலில்தான். ஆகவே 2013-இல் சென்னையில் பதிவான காரும், அதே ஆண்டில் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பதிவான காரும் ஒரே வயதுடையவையாக இருந்தாலும், வெவ்வேறு மாசு விதிமுறைகளைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். வயதை அளவுகோலாகக் கொள்ளும் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காற்றுக்கு அப்படியல்ல.

தமிழ்நாட்டில் தில்லியைப் போன்ற வயதுத் தடை இல்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாகனத்தைக் காட்டித் தகுதிச் சான்று பெற்று, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளலாம். தடை இல்லையே தவிர, மறைமுக அழுத்தம் கூடிக்கொண்டே வருகிறது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க ரூ.600 ஆக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000 ஆனது. இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டது.

மறுபுறம், புதிய வாகனத்தை நோக்கி இழுக்கும் விசைகளும் வலுப்பெற்றிருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன் மீது இருந்த கூடுதல் தீர்வையும் நீங்கியது. பழைய வாகனத்தை அங்கீகரிக்கப்பட்ட அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறுவோருக்கு, புதிய காரின் சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை அளிக்கலாம் என்று 2021-இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் கொள்கை கூறுகிறது. இவற்றையெல்லாம் கேட்கும் குடும்பத் தலைவர், பழைய காரை வைத்திருப்பதே ஏதோ தவறு என்கிற எண்ணத்துக்கு எளிதில் தள்ளப்படுகிறார்.

இத்தகைய சூழலில் உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பழுது நீக்கும் செலவை எதனுடன் ஒப்பிட வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். "ஒன்றரை லட்சம்கூடப் போகாத வண்டிக்கு அறுபதாயிரம் ரூபாய் செலவழிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். காரை விற்கப் போகிறவருக்குப் பொருத்தமான கேள்வி அது. தொடர்ந்து ஓட்டப் போகிறவர், பழுதுச் செலவைக் காரின் சந்தை மதிப்புடன் அல்ல, அதற்கு மாற்றாக வாங்கவிருக்கும் காரின் ஆண்டுச் செலவுடன் ஒப்பிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஏழு லட்சம் ரூபாய்க்குப் புதிய சிறிய கார் வாங்குவதாகக் கொள்வோம். கையிலிருந்து ஒன்றரை லட்சம் போட்டு, மீதி ஐந்தரை லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.11,400. ஐந்து ஆண்டுகளில் வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.1.35 லட்சம். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணையின்படி, ஐந்தாம் ஆண்டு முடியும் தறுவாயில் காரின் மதிப்பு பாதியாகிவிடுகிறது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு ரூ.70,000 தேய்மானம், ரூ.27,000 வட்டி என, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமலேயே ஆண்டுக்கு ரூ.97,000 கரைகிறது. புதிய காருக்குரிய முழுக் காப்பீட்டின் கூடுதல் செலவை இதில் சேர்க்கவில்லை.

இதற்கு ஈடாகக் கிடைப்பது எரிபொருள் சேமிப்பு. பழைய கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டரும், புதியது 20 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு இதனால் மிச்சமாவது 171 லிட்டர். லிட்டர் ரூ.100 எனக் கொண்டால் ஏறத்தாழ ரூ.17,000. அதைக் கழித்தாலும், மாற்றத்தின் நிகரச் செலவு ஆண்டுக்கு ரூ.80,000. ஆகவே, வழக்கமான சர்வீஸ் நீங்கலாகப் பழைய காரின் பழுதுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு ரூ.80,000-க்கும் குறைவாகச் செலவாகும் வரை, பணக் கணக்கில் பழைய காரே வெல்கிறது. ஓராண்டில் ஐம்பதாயிரம் ரூபாய் பில்லைக் கண்டு அதிர்ச்சியடைபவர், அது ஐந்து மாதத் தவணைக்கும் குறைவானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இதே கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எரிபொருள் சேமிப்பு மட்டுமே ரூ.53,000-ஐத் தாண்டிவிடும். அவருக்கு அந்த எல்லை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. வாடகைக் கார் ஓட்டுபவராக இருந்தால், வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. அத்தகையோர் புதிய வாகனத்துக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை கோயிலுக்கும், மாதத்துக்கு ஒரு முறை சொந்த ஊருக்கும் சென்றுவரும் குடும்பத்தின் நிலை வேறு.

ஏற்கெனவே செலவழித்த பணமும் முடிவைக் குழப்பும். "சென்ற ஆண்டுதான் டயர், பேட்டரி எல்லாம் மாற்றினோம், இப்போது எப்படி விற்பது?" என்று தயங்குபவர்கள் உண்டு. "இவ்வளவு செலவழித்தும் மறுபடியும் நின்றுவிட்டதே" என்று வெறுத்துப்போய் அவசரமாக விற்பவர்களும் உண்டு. போன பணம் இரு வகையிலும் திரும்பி வரப்போவதில்லை. இனி வரப்போகும் செலவு எவ்வளவு என்பது மட்டுமே முடிவுக்கு அடிப்படையாக இருக்க வேண்டும்.

இனி வரப்போகும் செலவை எப்படி மதிப்பிடுவது? கிலோமீட்டர் எண்ணைக் காட்டிலும் பழுதின் தன்மை முக்கியமானது. டயர், பேட்டரி, பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ் போன்றவை தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகங்கள். அவற்றை மாற்ற நேர்வது காரின் அந்திமக் காலத்துக்கான அறிகுறி அன்று. உற்பத்தியாளர் சொன்ன கிலோமீட்டரில் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்குத் தயங்கிச் சில ஆயிரங்களைச் சேமிப்பவர், அது ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகளும் பிஸ்டனும் மோதிச் சிதைந்து, அந்தச் சேமிப்பைப் போலப் பல மடங்கை இழக்க நேரிடும். ஆயில் தவறாமல் மாற்றப்பட்டு, சர்வீஸ் பதிவேடு ஒழுங்காக இருக்கும் 1.5 லட்சம் கிலோமீட்டர் கார், கவனிப்பாரற்றுக் கிடந்த 70,000 கிலோமீட்டர் காரைவிட நம்பகமானது.

வேறு சில பழுதுகள் உண்மையான எச்சரிக்கைகள். காரின் அடிச்சட்டகத்தில் துருப்பிடித்தால், அதனை வெல்டிங் வைத்து மறைக்கலாமே தவிர, மோதலின்போது தாங்கும் வலிமையை முழுமையாக மீட்க முடியாது. கடற்கரை ஊர்களில் ஓடும் கார்களுக்கு இது பொது நோய். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திலோ, 2023 டிசம்பர் மிக்ஜம் புயல் மழையிலோ மூழ்கி எழுந்த சென்னைக் கார்களில் மின் கம்பித் தொகுப்பும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உள்ளுக்குள் அரிக்கப்பட்டிருக்கலாம். எங்கு கோளாறு என்றே தெரியாமல் மாதம் ஒரு முறை நிற்கும் வண்டியாக அது மாறிவிடக்கூடும். எஞ்சின், கியர்பாக்ஸ், மின்னமைப்பு ஆகிய மூன்று பெரும் அமைப்புகளில் இரண்டு ஓராண்டுக்குள் பழுதானால், விடைகொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பணக் கணக்கில் அடங்காத ஒன்று பாதுகாப்பு. பழைய காருக்கு ஆதரவாகப் பேசுவோர் பெரும்பாலும் இதனைத் தவிர்த்துவிடுகின்றனர். இந்தியாவில் விற்பனையாகும் எல்லாக் கார்களிலும் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதலும்தான் கட்டாயமாயின. முன்னிருக்கையில் பக்கத்தில் அமர்பவருக்கான காற்றுப்பை 2021-இல்தான் கட்டாயமானது. அதற்கு முன்பு விற்கப்பட்ட விலை குறைந்த கார்கள் பலவற்றில் இவற்றில் எதுவுமே இல்லை. எந்தப் பட்டறையிலும் பின்னாளில் பொருத்திக்கொள்ளக்கூடிய வசதிகளும் அல்ல இவை. நகரத்துக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காருக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுடன் அடிக்கடி நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குடும்பம், பழுதுச் செலவு குறைவாக இருந்தாலும் மாற்றத்தைப் பற்றிச் சிந்திப்பதே அறிவுடைமை. அந்த மாற்று புத்தம் புதிய காராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் உள்ள நான்கைந்து ஆண்டுப் பழைய கார், முதல் உரிமையாளர் ஏற்கெனவே சுமந்துவிட்ட தேய்மானத்தைக் கழித்துப் பாதி விலையில் கிடைக்கிறது.

காப்பீட்டு விதிகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். பத்து ஆண்டுகளைக் கடந்த கார் விபத்தில் சிக்கினால், மாற்றப்படும் உலோகப் பாகங்களின் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொண்டுதான் இழப்பீடு கணக்கிடப்படுகிறது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் அதே விகிதம். ஆகவே, சிறு விபத்தும் பெரும் செலவாக முடியலாம் என்பதை உணர்ந்து, அதற்கென ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது பழைய கார் வைத்திருப்போரின் கடமையாகிறது.

எரிபொருளும் இப்போது மாறிவிட்டது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்கள் இதற்கேற்ற பாகங்களுடன் வருகின்றன. முந்தைய கார்களுக்கு என்ன ஆகும்? எத்தனால் கலப்புக்கான வழிகாட்டித் திட்டத்தை 2021-இல் வெளியிட்ட நீதி ஆயோக் குழு, பழைய வடிவமைப்புடைய நான்கு சக்கர வாகனங்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று அப்போதே குறிப்பிட்டிருந்தது. சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதைப் பெட்ரோலிய அமைச்சகமும் ஒப்புக்கொண்டது. இதற்காகக் காரையே மாற்ற வேண்டியதில்லை. எரிபொருள் குழாய்களையும் சீல்களையும் ஒவ்வொரு சர்வீஸின்போதும் பரிசோதிக்கச் சொல்வது போதுமானது.

சுற்றுச்சூழல் நோக்கில் பழைய காரை ஒழிப்பதே நல்லது என்கிற வாதத்தையும் அப்படியே ஏற்க முடியாது. புதிய கார் பூமியில் தானாக முளைப்பதில்லை. இரும்பு உருக்கி, அலுமினியம் வார்த்து, பிளாஸ்டிக் பிழிந்து ஒரு சிறிய காரை உருவாக்குவதற்குள் குறைந்தது 5 டன் கரியமில வாயு வெளியேறுகிறது என்பது பொதுவான மதிப்பீடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளியேறுவது ஏறத்தாழ 2.3 கிலோ. நாம் மேலே கண்ட குடும்பம் ஆண்டுக்கு மிச்சப்படுத்தும் 171 லிட்டர், 400 கிலோவுக்கும் குறைவான கரியமில வாயுவுக்குச் சமம். அப்படியானால், புதிய காரின் தயாரிப்பில் வெளியான வாயுவை ஈடுகட்டவே அந்தக் குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பழைய டீசல் வாகனங்களின் நுண்துகள் மூச்சுக்கு நேரடித் தீங்கு விளைவிப்பது. அவற்றை நீக்குவதற்குப் புவி வெப்பமாதலைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் காரை நீக்குவதற்கு அதே வாதத்தைப் பயன்படுத்துவது பொருந்தாது.

பிற நாடுகளின் அனுபவம் நமக்குப் பயன்படும். பிரிட்டனில் மூன்று ஆண்டுகளைக் கடந்த கார்கள் ஒவ்வோர் ஆண்டும் தகுதிப் பரிசோதனைக்கு உட்படுகின்றன. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை. தேறினால் ஓடலாம்; தவறினால் சரிசெய்ய வேண்டும் அல்லது விலக்க வேண்டும். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் இலகுரக வாகனங்களின் சராசரி வயது 12 ஆண்டுகளுக்கும் அதிகம். அதே அமெரிக்கா, 2009-இல் பொருளாதார மந்தத்தின்போது பழைய வாகனங்களைக் கொடுத்துப் புதியன வாங்குவோருக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் மானியம் வழங்கியது. 6.7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அழிக்கப்பட்டன. பின்னர் பொருளியலாளர்கள் அதீஃப் மியானும் அமீர் சூஃபியும் ஆராய்ந்தபோது, எப்படியும் சில மாதங்களில் நடந்திருக்க வேண்டிய விற்பனையே முன்கூட்டி நடந்தது என்பதும், அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் அதன் பலன் ஏறத்தாழ முழுமையாக மறைந்துவிட்டது என்பதும் தெரியவந்தது.

இந்தியாவிலோ வயது வரம்பு வேறொரு விளைவையும் ஏற்படுத்தியிருக்கிறது. தில்லியில் ஓட முடியாத வாகனங்கள் தடையில்லாச் சான்று பெற்று, அடிமாட்டு விலைக்குப் பிற மாநிலங்களுக்கு விற்கப்படுகின்றன. புகை ஒழியவில்லை, முகவரி மாறியிருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கான சாலை வரியை முன்கூட்டியே செலுத்திய தில்லி டீசல் கார் உரிமையாளர்கள், பத்தாம் ஆண்டிலேயே அதனைக் கைவிட நேர்ந்தது அரசின் மீதான நம்பிக்கையையும் குலைத்தது.

அப்படியெனில் அரசு செய்ய வேண்டியது என்ன? முதலாவது, பரிசோதனை முறையைச் சீர்செய்வது. இப்போதுள்ள புகைப் பரிசோதனை, பெட்ரோல் காரை நிறுத்தி வைத்து கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. டீசல் காரில் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறது. மூச்சைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்சைடும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகளும் அதில் சிக்குவதில்லை. வயதைக் கைவிட்டுத் தகுதியை அளவுகோலாக்க வேண்டும் என்று கோருபவர்கள், அந்தத் தகுதியை உண்மையாக அளக்கும் கருவிகளையும் சேர்த்தே கோர வேண்டும். இயந்திரமயப் பரிசோதனை நிலையங்கள் எல்லா மாவட்டங்களுக்கும் வராத வரை, தகுதிச் சான்று என்பது கட்டணம் கட்டிப் பெறும் காகிதமாகவே நீடிக்கும்.

இரண்டாவது, பழுது நீக்கும் உரிமை. உதிரி பாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிச் சந்தையில் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. அது மேல்முறையீடுகளில் சிக்கிக்கொண்டாலும், பிரச்னையின் தீவிரத்தை நாட்டுக்கு உணர்த்தியது. பழுது நீக்கும் உரிமைக்கான இணையதளத்தை நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால், உதிரி பாகத்தை எத்தனை ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வழங்க வேண்டும், கணினிப் பரிசோதனைத் தகவலைத் தெருமுனை மெக்கானிக்குக்கு எந்த நிபந்தனையில் தர வேண்டும் என்பன சட்டக் கட்டாயம் ஆகவில்லை. புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகங்களைத் தேடி அலைபவர்களின் கூட்டம் இந்த வெற்றிடத்தின் அடையாளம். ஊர்தோறும் இயங்கும் சிறு பட்டறைகளின் வாழ்வாதாரமும் இதில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, விலகுவோருக்கு நியாயமான விலை. பழைய காரின் உலோக மதிப்பாக, அதற்கு நிகரான புதிய காரின் காட்சியக விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கும் என்று அழிப்புக் கொள்கை மதிப்பிடுகிறது. ஆறு லட்ச ரூபாய் காருக்கு அது ரூ.24,000 முதல் ரூ.36,000 வரை. சாலை வரிச் சலுகையோ புதிய கார் வாங்குபவருக்கு மட்டுமே. பழைய காரைக் கொடுத்துவிட்டுப் பயன்படுத்திய காருக்கோ, பேருந்துக்கோ மாறும் எளியவருக்கு அதில் எதுவும் இல்லை. பி.எஸ்.-2, பி.எஸ்.-3 டீசல் வாகனங்களைச் சாலையிலிருந்து விலக்குவதே நோக்கம் என்றால், அந்த உரிமையாளர்களுக்கு நேரடி ரொக்க ஊக்கத்தொகை வழங்குவது குறித்து அரசுகள் பரிசீலிக்க வேண்டும்.

பழுது நீக்குவதா, புதிது வாங்குவதா என்கிற இரண்டு வழிகளுக்கு அப்பால் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஆண்டுக்கு மூவாயிரம், நான்காயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார்கள் நகரங்களில் ஏராளம். தவணையும் காப்பீடும் சேர்ந்த தொகையில் மாதந்தோறும் பலமுறை வாடகைக் காரில் சென்றுவரலாம். மெட்ரோவும் நகரப் பேருந்தும் எட்டும் தூரத்தில் வசிப்பவர்கள், பழைய கார் விடைபெறும்போது அதன் இடத்தைக் காலியாகவே விட்டுவைக்கலாமா என்று ஒருமுறை யோசிப்பதில் தவறில்லை. அந்த வசதி எட்டாத சிற்றூர்களில் வசிப்போருக்கும், மூத்தோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியோருக்கும் இது பொருந்தாது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆகவே, வாசலில் நிற்கும் பழைய காரைப் பற்றி முடிவெடுக்கும் குடும்பம் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அது எந்த மாசு விதிமுறையைச் சேர்ந்தது? அடிச்சட்டகமும் பெரும் அமைப்புகளும் உறுதியாக இருக்கின்றனவா? ஆண்டுக்கு எவ்வளவு தூரம், எத்தகைய சாலையில் ஓடுகிறது? அடுத்த இரண்டு ஆண்டுகளில் எதிர்பார்க்கப்படும் பழுதுச் செலவு, மாற்றுக் காரின் ஆண்டுச் செலவைவிடக் குறைவா? நம்பகமான மெக்கானிக் ஒருவரிடம் சில நூறு ரூபாய் கொடுத்து முழுப் பரிசோதனை செய்து, அவர் சொல்வதை எழுதிவைத்துக்கொண்டால் இவற்றில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

இதே கேள்விகளைத்தான் அரசும் கேட்க வேண்டும். பிறந்த ஆண்டைப் பார்த்துத் தண்டிப்பது நிர்வாகத்துக்கு எளிது. வாகனத்தைப் பரிசோதித்துத் தீர்ப்பளிப்பது கடினம். உச்சநீதிமன்றத்தின் டிசம்பர் உத்தரவு அந்தக் கடினமான பாதையில் ஓர் அடி எடுத்துவைத்திருக்கிறது. பரிசோதனை நிலையங்களும், உதிரி பாகச் சட்டமும், நியாயமான ஊக்கத்தொகையும் அதைத் தொடர்ந்து வராவிட்டால், இருபது ஆண்டு உழைப்பின் சேமிப்பில் ஒரு கார் வாங்கிய குடும்பம் அடுத்த அறிவிப்பு எப்போது வருமோ என்கிற அச்சத்துடனேயே அதனை ஓட்டிக்கொண்டிருக்கும்.